விளம்பரம் எழுதும் எந்திரம்



உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு சோப்பு உறையையோ பற்பசைப் பெட்டியையோ கையில் எடுத்துப் பாருங்கள். பெயர், விலை, எடை ஆகியவற்றுடன் இரண்டு மூன்று வரிகளும் அச்சாகியிருக்கும். அந்தப் பொருளை நீங்கள் ஏன் வாங்க வேண்டும் என்று அவை சொல்லும். அந்த வரிகள் தாமாக முளைத்தவை அல்ல. யாரோ ஒருவர் உட்கார்ந்து, யோசித்து, அடித்துத் திருத்தி எழுதியவை. செய்தித்தாள் விளம்பரம், வானொலியில் வரும் பத்து விநாடி அறிவிப்பு, கடையில் கொடுக்கும் துண்டறிக்கை, கைபேசியில் வரும் தள்ளுபடிச் செய்தி ஆகியவற்றையும் இப்படி ஒருவர்தான் எழுதுகிறார். இதையே தொழிலாகச் செய்பவரை விளம்பர எழுத்தாளர் என்கிறோம்.

2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் அமெரிக்காவின் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பொதுமக்களின் பயன்பாட்டுக்கு விட்டது. 'நெல்லிக்காய் ஊறுகாய்க்கு நான்கு வரியில் விளம்பரம் எழுது' என்று கேட்டால், சில விநாடிகளில் நான்கு வரிகளைத் தந்துவிடும். பிடிக்கவில்லையா? 'வேறு பத்து விதமாக எழுது' என்றால் பத்தையும் எழுதும். சலித்துக்கொள்ளாது. இதைப் போன்ற கருவிகள் இன்று பல வந்துவிட்டன.

அப்படியானால், விளம்பர எழுத்தாளருக்கு இனி வேலை உண்டா? இந்தக் கேள்விக்கு 'உண்டு' அல்லது 'இல்லை' என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட முடியாது. எந்திரம் எப்படி எழுதுகிறது, மனிதர் எப்படி எழுதுகிறார் என்று இரண்டையும் தெரிந்துகொண்டால் விடை தானே விளங்கும். முதலில் எந்திரத்தைப் பார்ப்போம்.

அடுத்த சொல் எது?

'காலையில் எழுந்ததும் பல்...' என்று தொடங்கும் வாக்கியத்தை முடியுங்கள் பார்ப்போம். 'துலக்கினேன்' என்பீர்கள், 'தேய்த்தேன்' என்றும் சொல்லலாம். 'பறந்தேன்' என்று யாரும் சொல்ல மாட்டீர்கள். இதுவரை நீங்கள் கேட்டும் படித்தும் பழகிய வாக்கியங்கள், எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்பதை உங்களுக்குப் பழக்கிவிட்டன அல்லவா?

இந்த ஒழுங்கை எண்ணிக் காட்டியவர் ருஷ்யக் கணித மேதை மார்க்கோவ். 1913ஆம் ஆண்டில் அவர் புஷ்கின் எழுதிய 'யெவ்கேனி ஒனேகின்' என்னும் நூலிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்துக்கொண்டார். உயிரெழுத்துக்குப் பின் உயிரெழுத்து எத்தனை முறை வருகிறது, மெய்யெழுத்து எத்தனை முறை வருகிறது என்று கையாலேயே எண்ணினார். முன்னால் இருக்கும் எழுத்தைப் பொறுத்து அடுத்த எழுத்தின் நிகழ்தகவு மாறுகிறது என்று காட்டினார். 1948இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளாடு ஷானன் இதைச் சொற்களுக்கும் விரித்தார்.

ஷானன் கூறிய முறையை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு தமிழ்க் கதைப் புத்தகத்தை எங்காவது திறந்து ஒரு சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேறொரு பக்கத்தைத் திறந்து, அதே சொல் வரும்வரை படியுங்கள். அதற்கு அடுத்த சொல்லைத் தாளில் எழுதுங்கள். இப்போது அந்தப் புதிய சொல்லை வேறொரு பக்கத்தில் தேடி, அதற்கு அடுத்த சொல்லை எழுதுங்கள். தமிழ்ச் சொற்கள் வேற்றுமை உருபும் விகுதியும் சேர்ந்து வடிவம் மாறுபவை. ஆகவே சொல் அப்படியே கிடைக்காவிட்டால், அதே சொல்லின் வேறு வடிவம் கிடைத்தாலும் போதும். இப்படிப் பதினைந்து சொற்கள் சேர்ந்ததும் உரக்கப் படித்துப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு சொற்கள் பொருந்தியிருக்கும். முழு வரியில்தான் பொருள் இராது. வகுப்பில் நல்ல சிரிப்புக்கு இடம் உண்டு!

நீங்கள் முன்னால் இருந்த ஒரே ஒரு சொல்லைத்தான் பார்த்தீர்கள். இன்றைய எந்திரமோ ஆயிரக்கணக்கான சொற்களை ஒரே சமயத்தில் கணக்கில் கொள்கிறது. அவற்றில் எது எதோடு தொடர்புடையது என்று எடைபோட்ட பிறகே அடுத்த சொல்லைத் தேர்கிறது. இதற்கான அமைப்பை 2017இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அதன் பெயர் டிரான்ஸ்ஃபார்மர். மின்சார வாரியத்தின் மின்மாற்றிக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை!

வானொலிப் பெட்டியில் நிலையம் தெளிவாகக் கேட்கும்வரை திருகைத் திருப்புவோம் அல்லவா? அதைப் போன்ற 'திருகுகள்' இந்த எந்திரத்திலும் உண்டு. ஆனால் அவை வெறும் எண்கள். 2020இல் வெளிவந்த ஜிபிடி-3 என்னும் மொழி மாதிரியில் இவை 17,500 கோடி! மாதிரிக்கு ஏராளமான எழுத்தைக் காட்டி, அடுத்த சொல்லை ஊகிக்கச் சொல்கிறார்கள். ஊகம் தவறும்போதெல்லாம் திருகுகள் சிறிது சிறிதாக மாற்றியமைக்கப்படுகின்றன. இதுதான் அதன் பயிற்சி. பிறகு மனிதர்கள் அதன் விடைகளுக்கு மதிப்பெண் இட்டு, கேட்டதற்கு ஏற்ற விடை தருமாறு பழக்குகிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பயிற்சி முழுவதிலும் எந்திரம் தேடுவது பொருத்தமான சொல்லை. பொருத்தமான சொல் பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். ஆனால் எப்போதும் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

10,300 டாலர் வட்டி

சிநெட் என்பது அமெரிக்காவில் பலரும் படிக்கும் ஒரு தொழில்நுட்பச் செய்தி நிறுவனம். 2022 நவம்பர் முதல் அது பண விவகாரங்களைப் பற்றிய 77 கட்டுரைகளைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதி வெளியிட்டது. அவற்றுள் ஒன்று கூட்டு வட்டியை விளக்கியது. 10,000 டாலரை ஆண்டுக்கு 3 சதவீதக் கூட்டு வட்டியில் போட்டால், முதல் ஆண்டின் இறுதியில் நீங்கள் 10,300 டாலர் ஈட்டுவீர்கள் என்றது அந்தக் கட்டுரை.

பென்சிலை எடுங்கள். 10,000க்கு 3 சதவீதம் எவ்வளவு? 300 டாலர். ஈட்டியது 300 தான். முதலும் வட்டியும் சேர்ந்து கையில் இருப்பது 10,300. 'இருக்கும்' என்று வரவேண்டிய இடத்தில் 'ஈட்டுவீர்கள்' என்ற சொல் வந்து அமர்ந்துவிட்டது. வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. நடை தெளிவாகவே இருந்தது. கணக்கு மட்டும் தவறு.

2023 ஜனவரியில் இது வெளியே தெரிந்ததும், நிறுவனம் எல்லாக் கட்டுரைகளையும் மறுபடி சோதித்தது. 77இல் 41 கட்டுரைகளைத் திருத்த வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் அந்தக் கட்டுரைகளை ஆசிரியர்கள் பார்த்த பின்னரே வெளியிட்டதாக நிறுவனம் கூறியிருந்தது. வழுவழுப்பான நடையில் வரும் பிழை, தேர்ந்தவர் கண்ணிலிருந்தும் தப்பிவிடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மூன்று வேலைகள்

இனி மனிதர் எழுதுவதைப் பார்ப்போம். டேவிட் ஓகில்வி என்பவர் பெயர்பெற்ற விளம்பர எழுத்தாளர். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் விளம்பர நிறுவனம் நடத்தியவர். 1958இல் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு விளம்பரம் எழுதும் வேலை அவரிடம் வந்தது. அவர் உடனே பேனாவை எடுக்கவில்லை. மூன்று வாரங்கள் அந்தக் காரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தார். படிக்கும்போது ஒரு மோட்டார் இதழின் தொழில்நுட்ப ஆசிரியர் எழுதியிருந்த செய்தி ஒன்று கண்ணில் பட்டது. கார் மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 97 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போதும், உள்ளே மிக உரக்கக் கேட்கும் ஓசை அதில் உள்ள மின் கடிகாரத்தின் ஓசைதான் என்பதே அந்தச் செய்தி.

ஓகில்வி அதையே தலைப்பாக வைத்தார். 'இணையற்ற கார்', 'ஈடில்லாத அமைதி' என்றெல்லாம் புகழ அவருக்குத் தேவை ஏற்படவில்லை. கடிகாரத்தின் ஓசை ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. தலைப்பின் கீழே 607 சொற்களில் காரைப் பற்றிய விவரங்களைத் தந்தார். இன்றும் விளம்பரக் கலையைக் கற்பிப்பவர்கள் இதை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார்கள்.

இதிலிருந்து விளம்பர எழுத்தாளருக்கு மூன்று வேலைகள் உண்டு என்று தெரிகிறது. என்ன சொல்வது என்று தேடிக் கண்டுபிடிப்பது முதல் வேலை. கண்டுபிடித்ததைச் சொற்களில் கோப்பது இரண்டாம் வேலை. எழுதியது உண்மையா என்று யாராவது கேட்டால், 'ஆம், நான் பொறுப்பு' என்று நிற்பது மூன்றாம் வேலை. இந்த மூன்றில் எதை எந்திரம் செய்கிறது?

கோக்கும் வேலை

இரண்டாம் வேலையில் எந்திரம் கெட்டிக்காரன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சாட்ஜிபிடி வருவதற்கு முன்பே, 2019இல், ஜேபி மார்கன் சேஸ் என்னும் அமெரிக்க வங்கி, பெர்சாடோ நிறுவனத்தின் கருவி எழுதிய விளம்பர வரிகளைத் தன் எழுத்தாளர்கள் எழுதிய வரிகளோடு போட்டியிட வைத்தது. வீட்டுக் கடன் பற்றிய ஒரு விளம்பரத்தில் 'உண்மைதான்' என்னும் பொருள்பட ஒரு சொல்லை எந்திரம் தொடக்கத்தில் சேர்த்தது. வாடிக்கையாளரிடம் அதற்கே கூடுதல் வரவேற்பு கிடைத்தது.

2023இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், பட்டம் பெற்ற 453 பணியாளர்களுக்கு எழுத்து வேலைகள் தரப்பட்டன. ஒரு பகுதியினருக்கு மட்டும் சாட்ஜிபிடியைப் பயன்படுத்த அனுமதி. அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் 40 சதவீதம் குறைந்தது. எழுத்தின் தரம் 18 சதவீதம் உயர்ந்தது. எழுத்துத் திறன் குறைந்தவர்களே இதனால் அதிகம் பயன் அடைந்தார்கள். இந்த ஆராய்ச்சியில் எழுதுவதற்கான பொருளை ஆராய்ச்சியாளர்களே கொடுத்திருந்தார்கள். சொல்ல வேண்டியது கையில் இருக்கும்போது, அதைக் கோத்துத் தருவதில் எந்திரம் பெரிய உதவி என்று இதிலிருந்து தெரிகிறது.

தேடும் வேலை

முதல் வேலைக்கு வருவோம். உங்கள் தெருவில் ஓர் ஊறுகாய்க் கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கார அம்மாள் நெல்லிக்காயை ஒரே தோட்டத்திலிருந்துதான் வாங்குகிறார். மழைக்காலத்தில் ஊறுகாய் போடவே மாட்டார். இந்தச் செய்தி எந்தப் புத்தகத்திலும் இல்லை. எந்த இணையப் பக்கத்திலும் இல்லை. எங்கும் எழுதப்படாத ஒன்றை எந்திரம் எவ்வாறு ஊகிக்கும்? சில கருவிகள் இப்போது இணையத்தில் தேடியும் எழுதுகின்றன. அவையும் யாராவது எழுதி வைத்ததைத்தான் தேட முடியும். கடைக்குப் போய், அந்த அம்மாளிடம் பேச்சுக் கொடுத்துக் கேட்டால்தான் மழைக்காலச் செய்தி கிடைக்கும்.

அந்தச் செய்தி இல்லாமல் எழுதினால் என்ன கிடைக்கும்? 'பாரம்பரியச் சுவை', 'பாட்டியின் கைமணம்' என்ற வகை வரிகள் கிடைக்கும். மூன்று கடைக்காரர்கள் தனித்தனியே கேட்டாலும் இதே சாயலில்தான் மூவருக்கும் வரும். 2024இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த ஆராய்ச்சி இதைக் கதைகளில் சோதித்தது. எந்திரத்திடம் யோசனை கேட்டு எழுதியவர்களின் கதைகள் தனித்தனியே படிக்கும்போது நன்றாக இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, எந்திரத்தின் உதவியின்றி எழுதிய கதைகளைவிட அவை ஒன்றையொன்று அதிகம் ஒத்திருந்தன. கதைக்கே இது குறை. விளம்பரத்தின் நோக்கமோ ஒரு பொருளை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது. எல்லாம் ஒரே சாயலில் இருந்தால் காசு கொடுத்து விளம்பரம் செய்வானேன்?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு படத்தை நகல் எடுத்து, அந்த நகலையே மறுபடி நகல் எடுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? கோடுகள் மங்கி, கடைசியில் படமே தெரியாமல் போகும். 2024இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆராய்ச்சி, எந்திரங்கள் எழுதியதையே திரும்பத் திரும்பக் கொடுத்துப் புதிய எந்திரத்தைப் பயிற்றுவித்தால் இப்படித்தான் ஆகும் என்று காட்டியது. அரிதாக வரும் சொற்களும் செய்திகளும் முதலில் மறைகின்றன. ஆகவே எந்திரத்துக்கும் மனிதர் புதிதாக எழுதும் எழுத்து தேவைப்படுகிறது!

தமிழுக்கு இது மேலும் பொருந்தும். ஜிபிடி-3 படித்த எழுத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஆங்கிலம். உலகின் மற்ற எல்லா மொழிகளும் சேர்ந்து எஞ்சிய சிறு பங்குதான். நம் ஊர்ப் பேச்சும் கடைவீதி வழக்கும் அதில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

யார் பொறுப்பு?

மூன்றாம் வேலைக்கு ஒரு வழக்கைப் பார்ப்போம். கனடா நாட்டின் விமான நிறுவனமான ஏர் கனடாவின் இணையதளத்தில், பயணிகளின் கேள்விக்கு விடை சொல்லும் தானியங்கி உரையாடல் கருவி ஒன்று இருந்தது. பாட்டியை இழந்த பயணி ஒருவர், துக்கத்துக்காகப் பயணம் செய்பவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று கேட்டார். பயணம் செய்த பிறகும் விண்ணப்பிக்கலாம் என்று கருவி சொன்னது. அது நிறுவனத்தின் விதிக்கு மாறானது. பிறகு சலுகை கேட்டபோது நிறுவனம் மறுத்துவிட்டது.

வழக்கு, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. அந்தக் கருவி தனி ஆள் போன்றது, அது சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்ற பொருளில் நிறுவனம் வாதாடியது! 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்க மறுத்தது. தன் இணையதளத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி, பயணிக்கு இழப்பீடு தரச் சொன்னது.

நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை விதிக்கலாம். அந்த அபராதத்தை எந்திரம் கட்டாது. 'முடி கொட்டுவது ஏழே நாளில் நிற்கும்' என்று அது அழகாக எழுதிக் கொடுக்கும். அது உண்மையா என்று விசாரித்து, இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிட ஒரு மனிதர் வேண்டும்.

ஏணியின் கீழ்ப்படி

அப்படியானால் விளம்பர எழுத்தாளர்கள் கவலையின்றி இருக்கலாமா? அப்படியும் சொல்வதற்கில்லை. அச்சுத்தொழிலில் நடந்ததைக் கேளுங்கள்.

ஒரு காலத்தில் அச்சகங்களில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாகக் கோப்பார்கள். இவர்களை அச்சுக்கோப்பவர்கள் என்பார்கள். 1886இல் நியூயார்க் நகரின் செய்தித்தாள் ஒன்றில் லைனோடைப் எந்திரம் வேலைக்கு வந்தது. உருக்கிய உலோகத்தைக் கொண்டு ஒரு வரி முழுவதையும் அது ஒரே கட்டையாக வார்த்துத் தந்தது. பின்னர் கணிப்பொறி வந்து லைனோடைப்பையும் விரட்டியது. 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் 1978 ஜூலை 2ஆம் நாள் இதழோடு உலோக எழுத்துக்கு விடை கொடுத்தது. செய்தித்தாள் நின்றுவிடவில்லை, நிருபர்களும் ஆசிரியர்களும் இருந்தார்கள். கோப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்டவர்களின் தொழில் மறைந்தது. அன்று எழுத்துகளைக் கோக்க எந்திரம் வந்தது. இன்று சொற்களைக் கோக்க வந்திருக்கிறது.

இதன் அடையாளங்கள் தெரியத் தொடங்கிவிட்டன. அப்வொர்க் என்னும் இணையச் சந்தையில், எழுத்து முதலிய வேலைகளைத் துண்டு துண்டாக ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்வார்கள். சாட்ஜிபிடி வந்த சில மாதங்களுக்குள், அதனால் பாதிக்கப்படக்கூடிய தொழில்களில் இருந்தவர்களுக்கு மாதந்தோறும் கிடைத்த வேலைகள் சுமார் 2 சதவீதமும், வருமானம் சுமார் 5 சதவீதமும் குறைந்தன என்று 2023இல் ஓர் ஆய்வு கண்டது. நல்ல பெயர் எடுத்தவர்களும் இந்தக் குறைவிலிருந்து தப்பவில்லை.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு முதலில் என்ன வேலை கொடுப்பார்கள்? துண்டறிக்கை, விலைப்பட்டியலில் இரண்டு வரி, தள்ளுபடி அறிவிப்பு இவைதாம். எந்திரம் மிக எளிதாகச் செய்வதும் இவற்றைத்தான். ஆனால் இத்தகைய சிறு வேலைகளில் நூறு முறை பிழை செய்து, மூத்தவரிடம் திருத்தம் வாங்கித்தான் ஒருவர் தேர்ந்த எழுத்தாளர் ஆகிறார். ஏணியின் கீழ்ப்படிகளை எடுத்துவிட்டால் மேல்படிக்கு யார் ஏறுவார்கள்? பத்து இருபது ஆண்டுகள் கழித்து, எந்திரம் எழுதிய வட்டிக் கணக்கில் பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்க யார் இருப்பார்கள்? நிறுவனங்களும் ஆசிரியர்களும் இன்றே யோசிக்க வேண்டிய கேள்வி இது.

இனி விடையைச் சொல்லிவிடலாம். கோக்கும் வேலையில் பெரும் பகுதி எந்திரத்துக்குப் போகும். அதை மட்டும் செய்து வந்தவர்களுக்கு வேலை குறையும். தேடிக் கண்டுபிடிப்பதும் பொறுப்பேற்பதும் மனிதரிடம் இருக்கும். அந்த இரண்டையும் செய்யத் தெரிந்தவர், எந்திரத்தைத் தம் உதவியாளாக வைத்துக்கொள்வார்.

உங்களுக்கும் ஒரு வேலை தருகிறோம். அடுத்த விடுமுறையில் உங்கள் தெருவில் உள்ள ஒரு கடைக்குச் செல்லுங்கள். தையற்கடை, மிதிவண்டிக் கடை, இட்லிக் கடை எதுவானாலும் சரி. கடைக்காரர் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து ஐந்து கேள்விகள் கேளுங்கள். பிறகு நான்கு வரியில் ஒரு விளம்பரம் எழுதுங்கள். அது முடிந்த பின், வசதி இருந்தால், அதே கடைக்கு எந்திரத்தையும் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் கடைக்காரரிடம் படித்துக் காட்டுங்கள். எந்த வரி வேறு எந்தக் கடைக்கும் பொருந்தாது என்று அவரையே கேளுங்கள். எந்த வரி உண்மையில்லை என்றும் கேளுங்கள். அவர் சொல்வதை நோட்டில் குறித்து வந்து, வகுப்பில் நண்பர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.